ஒரு வீட்டுக்கு ஒரு கார்டு

பழைய செய்தித்தாளைக் கசக்கி, நுனியைத் தண்ணீரில் தொட்டு, ஃபிர்தௌஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கூடத்துச் சுவரில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் தொங்கும் சட்டம் அது. கழற்றி மடியில் வைத்திருந்தாள். உள்ளே தங்க நிறக் கரை போட்ட தடித்த தாள். மேலே ஒரு தொலைக்காட்சித் தொடரின் பெயர், கீழே இரண்டு கையெழுத்து. நடுவில் பெரிய எழுத்தில் அஃப்ஸர் ஜஹான் என்ற பெயர்.

"மூலையில ஈ உக்காந்த கறை இருக்குது பாரு," என்றாள் அஃப்ஸர் ஜஹான். ஃபிர்தௌஸின் கணவனுக்கு மூத்த அக்கா அவள், ஃபிர்தௌஸுக்கு ஆபா. நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். வலது கை மடியில் சும்மா கிடந்தது. "நாலு மணிக்கு வந்துடுவாங்க. உள்ள கால் வெச்ச உடனே அந்த அம்மா கண்ணு அதுலதான் போவும்."

வாணியம்பாடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அஃப்ஸரின் ஒரே மகள் தூபாவைப் போன மாதம் பார்த்துவிட்டுப் போனவர்கள், இன்றைக்குப் பேசி முடிக்க வருகிறார்கள்.

ஃபிர்தௌஸ் மூலைக் கறையை நகத்தால் சுரண்டினாள். கழுத்தின் பின்னால் ஆரம்பித்த வலி தோள் வழியாக இறங்கி முழங்கையில் வந்து நின்றது. அவளுக்கு ஆபாவிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. சனிக்கிழமை காலை தன்னோடு ஷூ கம்பெனிக்கு வந்து, தாளில் இருக்கும் பெயர் என்னுடையது, ஆனால் தைத்தவள் இவள் என்று மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கேட்க வேண்டும் என்று திங்கள்கிழமை நினைத்தாள், இன்று வியாழன். அவள் சும்மா இருக்கும் நேரத்தில் ஆபா தூங்கினாள், ஆபா சும்மா இருக்கும் நேரத்தில் இவள் கையில் ஏதாவது வேலை இருந்தது.

"சரியா மாட்டு. கோணலா தொங்கினா அசிங்கம்."

"மாட்டறேன் ஆபா."

ஃபிர்தௌஸுக்கு நாற்பத்தேழு வயது. பேரணாம்பட்டில் பிறந்து, எட்டாவது வரைக்கும் படித்து, இருபத்திரண்டு வயதில் ஆம்பூருக்குக் கல்யாணமாகி வந்தாள். கணவன் ஜியாவுதீனுக்கு டேனரியில் வேலை. ஊறப்போட்ட தோலை டிரம்மிலிருந்து இழுத்துப் போடுகிற வேலை. ஒரே மகன் முஸம்மில் பெங்களூரில் செல்போன் கடையில் இருக்கிறான். வந்த வீட்டில் அப்போது ஆபா மட்டும் தைத்துக்கொண்டிருந்தாள். ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்பார்கள். அதில் முன்பக்கம் வளைந்து சுருக்கம் விழுகிற இடத்துக்கு மெஷின் போகாது, கையால்தான் தைக்க வேண்டும். கம்பெனியிலிருந்து ஏஜென்ட் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து வீடு வீடாகப் போடுவார், தைத்ததை எடுத்துப் போவார்.

இருபது வருஷத்துக்கு முன்னால் கம்பெனி, தைக்கிறவர்களுக்கு கார்டு போட்டது. போட்டோ ஒட்டிய பச்சை அட்டை. கார்டு எழுத ஆள் வந்த வாரம் ஃபிர்தௌஸ் பிரசவத்துக்குப் பேரணாம்பட்டில் இருந்தாள். ஆபா பெயரில் போட்டார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு கார்டு என்பது ஏஜென்ட்டுகளின் வழக்கம். அந்த வீட்டில் யார் உட்கார்ந்து தைத்தாலும் கார்டில் இருப்பவள் தைத்ததாகத்தான் பெயர். மாமியார் மவுத்தாகி ஐந்து வருஷம் கழித்தும் மாமியார் பெயரிலேயே தைத்துக்கொண்டிருக்கும் மருமகள் பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. கை எதுவானால் என்ன, அப்பர் வந்தால் சரி.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஆபாவின் வலது கை நின்றுபோனது. முதலில் விரல் நுனி மரத்தது, பிறகு டம்ளர் நழுவியது, பிறகு ஊசியைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிய வந்தது. அதிலிருந்து முழுக்க ஃபிர்தௌஸ்தான். கார்டை மாற்றிவிடலாமே என்று ஏஜென்ட் ஹயாத் பாஷாவிடம் ஒருமுறை கேட்டாள். "இப்ப எதுக்கும்மா? மாத்தறதுன்னா ஆதாரு, ரேஷன் கார்டு, போட்டோ, மேனேஜர் கையெழுத்து. ஒரே பேஜார். தைக்கற, எடுத்துட்டுப் போறேன். இன்னா கொறஞ்சு போச்சு?" என்றார். அவளுக்கும் ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே ஹயாத் பாஷாதான் அப்பர் மூட்டையோடு வேறொரு பையையும் கொண்டுவந்து வைத்தார். உள்ளே பிளாஸ்டிக் தாளில் சுற்றிய மெல்லிய ஆட்டுத்தோல். வெங்காயச் சருகு மாதிரி இருந்தது.

"சென்னையில ஒரு டிவி தொடர் எடுக்கறாங்களாம். 'நாளைக்கு அப்புறம்'னு பேரு. வாராவாரம் வேற கதை, வேற ஆளு. எல்லாம் நூறு வருஷம் கழிச்சு நடக்கற கதை. ராக்கெட்டு, ரோபோட்டு, அந்த மாதிரி. அதுல ஒரு பொம்பளைக்கு உடுப்பு வேணுமாம். உடுப்புன்னா உடுப்பு இல்ல, தோலு. அவ ஒடம்புத் தோலே இதுதான்னு தெரியணுமாம்."

"இன்னா பாய், மீன் செதில் மாதிரி வெட்டி வெச்சிருக்காங்க?"

"அதான். ஆயிரத்து நானூத்தி அறுபது துண்டு. ஒண்ணு மேல ஒண்ணா வரணும். தையல் தெரியக் கூடாது. அஞ்சு வீட்ல குடுத்தேன், ஒடம்பு மட்டும் எங்களால ஆவாதுன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. கைக்கும் காலுக்கும் மட்டும் அவங்க தைக்கறாங்க. ஒடம்பு நீதான்."

பத்தொன்பது நாள். நூலின் முடிச்சு நடிகையின் உடம்பில் குத்தும் என்று, தோலின் தடிமனுக்குள்ளேயே குத்தூசியால் ஒரு பொந்து செய்து முடிச்சை அதற்குள் தள்ளி மூடினாள். யாரும் சொல்லித் தரவில்லை. மூன்றாவது நாள், தன் நைட்டியின் லேபிள் பிடரியில் உறுத்தியபோது தோன்றியது. எப்படி வேலை நடக்கிறது என்று சென்னையில் கேட்டார்களாம். ஹயாத் பாஷா தைக்கும் கையை மட்டும் செல்போனில் வீடியோ எடுத்து அனுப்பினார். முகம் வர வேண்டாம் என்று ஃபிர்தௌஸ்தான் சொன்னாள்.

தொடரின் ஐந்தாம் வாரக் கதையில் அந்த உடுப்பு வந்தது. முஸம்மில் லீவுக்கு வந்திருந்தபோது செல்போனில் போட்டுக் காட்டினான். வேறொரு கிரகத்தில் நாற்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு ஒரு பெண் வீடு திரும்புகிறாள். அந்த ஊர்க் காற்று பட்டு அவள் தோல் மாறிப்போயிருக்கிறது, வீட்டில் யாருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை. முஸம்மில் கதை எப்படி என்று கேட்டான். ஃபிர்தௌஸ் கதையைக் கவனிக்கவில்லை. அந்தப் பெண் கையை மடக்கும்போதெல்லாம் முழங்கைப் பக்கம் பிரிகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தாள். அது வேறு வீட்டில் தைத்தது. லேசாகப் பிரிந்தது. உடம்பு பிரியவில்லை.

அதோடு மறந்துபோயிற்று. அப்பர் வந்தது, போனது. பிறகு தொடருக்கு விருதுகள் வர ஆரம்பித்தன. சென்னையில் நடந்த விழாவில் ஐந்து: சிறந்த தொடர், இயக்கம், எழுத்து, ஒலி, உடை. மும்பையில் இரண்டு. அப்புறம் ஐரோப்பாவில் ஏதோ ஒரு விழாவில், உலகம் பூராவும் இருந்து பொறுக்கிய ஆறு தொடர்களில் ஒன்றாக உட்கார்ந்துவிட்டுப் பரிசில்லாமல் திரும்பியது. அங்கே உடைக்கு மட்டும் நடுவர்கள் தனியாக ஒரு வரி எழுதிக் கொடுத்தார்கள். எங்கே தைத்திருக்கிறது என்று நாங்கள் மூன்று முறை தேடினோம், என்று.

உடை வடிவமைத்தவள் அலீனா என்ற சென்னைப் பெண். சென்னை விழாவில் விருதை வாங்கிக்கொண்டு மேடையிலேயே, இது ஆம்பூர்க் கைகளுக்குச் சேர வேண்டியது என்று சொல்லியிருக்கிறாள். சொன்னதோடு விடவில்லை. வேலை செய்த எல்லோருக்கும் சான்றிதழ் கொடுக்க வேண்டும், பெயர்களை அனுப்புங்கள் என்று ஹயாத் பாஷாவுக்குப் போன் செய்தாள். ஹயாத் பாஷா ஆறு வீட்டுக் கார்டுகளையும் மேசையில் பரப்பிப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார். கைக்கும் காலுக்கும் தைத்த அந்த ஐந்து பேரும் கார்டில் இருப்பவர்களேதான். இந்த வீட்டில் மட்டும் இப்படி.

"என் பேரச் சொல்லியிருக்கலாமே பாய்," என்று ஃபிர்தௌஸ் கேட்டபோது அவர் உண்மையாகவே திகைத்தார்.

"உன் பேரா? கார்டுல இன்னா இருக்குதோ அதானேம்மா பேரு? நாளைக்கு கம்பெனி கேட்டா நான் எங்க போறது? கார்டு ஒருத்தர், கை ஒருத்தர்னு தெரிஞ்சா கார்டையே ரத்து பண்ணிடுவான். வூட்டுக்கு வந்த பேரு. யாரு பேர்ல வந்தா இன்னா?"

சான்றிதழ் கொடுக்கும் விழா ஆம்பூரிலேயே பைபாஸ் ரோட்டு மஹாலில் நடந்தது. ஆபா முந்தின நாளே தூபாவை உட்கார வைத்து இரண்டு கைக்கும் மருதாணி போட்டுக்கொண்டாள். பெயர் கூப்பிட்டதும் மேடைக்குப் போனாள். அலீனா அவள் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு மைக்கில், "இந்தக் கையைத்தான் நான் ஆறு மாசமா வீடியோவுல திரும்பத் திரும்பப் பார்த்துட்டு இருந்தேன்," என்றாள். கண் கலங்கியிருந்தது. ஆபா கையை மெதுவாக உருவி புர்காவுக்குள் இழுத்துக்கொண்டாள். எட்டாவது வரிசையில் ஃபிர்தௌஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டே சிரித்தாள். பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்த்ததும், கை தட்டினாள்.

வீட்டுக்கு வந்தபின் ஆபா ஒரே ஒரு தடவை அதைப் பற்றிப் பேசினாள். "பேரு கூப்ட்டாங்க, போனேன். என்னா பண்ணச் சொல்ற?"

ஒன்றும் பண்ணச் சொல்லவில்லை. அன்றைக்கு அது வெறும் தாள்.

இங்கிலீஷ் பத்திரிகையிலும் செய்தி வந்தது. ஷூ கம்பெனியில் சரக்கு வாங்க வரும் ஜெர்மன் பையர் அதைப் படித்திருக்கிறார். அந்தப் பெண் உங்கள் ஊர்தானே, என் புது ஷூ மாடலுக்கு சாம்பிளை அவரே தைக்கட்டும் என்று எழுதிவிட்டார். கம்பெனியின் சாம்பிள் ரூமில் ஓர் இடம் காலியாக இருந்தது. சான்றிதழோடு அந்தம்மாவைச் சனிக்கிழமை வரச் சொல்லுங்கள் என்று மேனேஜர் கிருஷ்ணராஜ் ஹயாத் பாஷாவிடம் சொல்லியனுப்பினார்.

சாம்பிள் ரூமை ஃபிர்தௌஸ் ஒருமுறை வாசலிலிருந்து பார்த்திருக்கிறாள். ஆளுக்கொரு நாற்காலி, உயரமான மேசை, கழுத்தை வளைத்துத் திருப்பிக்கொள்ளும் விளக்கு. ஒரு நாளைக்கு இரண்டு ஜோடி தைத்தால் போதும்.

அவள் கையும் மரக்க ஆரம்பித்து ஐந்து மாதமாகிறது. யாரிடமும் சொல்லாமல் வேலூருக்குப் போய்க் காட்டினாள். டாக்டர் சின்ன வயசுக்காரர், அவசரப்படாமல் பேசினார். "கழுத்துல நரம்பு அழுந்துதும்மா. தரையில உக்காந்து குனிஞ்சு தைக்கறத விட்டுடுங்க. நாற்காலி, மேசைன்னா இன்னும் பத்து வருஷம் தைக்கலாம். இப்படியே போனா ரெண்டு வருஷம். அதுக்கப்புறம் விரல் இருக்கும், உணர்ச்சி இருக்காது." எப்படி இருக்கும் என்று அவர் விளக்கவும் தொடங்கினார். தேவைப்படவில்லை. ஃபிர்தௌஸ் எட்டு வருஷமாக அதைத் தினமும் நாற்காலியில் பார்க்கிறாள்.

சட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டு இறங்கினாள். நேராகத்தான் இருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் நாலரைக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா தடித்த, கலகலப்பான மனுஷி. உட்காருவதற்கு முன்னாலேயே சுவருக்குப் போய் நின்று, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பெயரைப் படித்தாள்.

"மாஷா அல்லாஹ். எங்க தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், சம்பந்தி அவார்டு வாங்கினவங்கன்னு. என் பேரன் அந்தக் கதையைப் பார்த்துட்டு ரெண்டு நாள் தனியா பாத்ரூம் போகல. அவ்ளோ நெஜமா இருந்துச்சு. எத்தனை துண்டு இருக்கும் அதுல?"

ஆபா சிரித்தபடி சொன்னாள், "இருக்கும், ஆயிரத்துக்கு மேல..."

"ஆயிரத்து நானூத்தி அறுபது," என்றாள் ஃபிர்தௌஸ், சர்பத் தட்டோடு சமையலறை வாசலில் நின்று.

"அல்லாவே! எவ்ளோ நாள் ஆச்சு?"

ஆபா ஃபிர்தௌஸைப் பார்த்தாள்.

"பத்தொன்பது நாள்."

"நூலு?"

"மெழுகு நூல். நாமளே இழை பிரிச்சு மெலிசாக்கினது."

"பாத்தீங்களா," என்றாள் அந்தம்மா தன் கணவரிடம், "தம்பி பொண்டாட்டி கூட எல்லாத்தையும் ஞாபகம் வெச்சிருக்கா. இந்த மாதிரி வூட்லதான் பொண்ணு எடுக்கணும்."

சர்பத்தில் சர்க்கரை ஜாஸ்தி என்று யாரும் சொல்லவில்லை. ஜனவரி கடைசியில், ரம்ஜானுக்கு முன்னால் நிக்காஹ் என்று முடிவாயிற்று. போகும்போது அந்தம்மா ஆபாவைக் கட்டிக்கொண்டாள். தூபா உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். இருபத்தாறு வயது. இதற்கு முன் மூன்று இடம் வந்து, பார்த்து, பதில் சொல்லாமல் போயிருந்தது. ஃபிர்தௌஸ் அவள் முகத்தைத் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டு, "போதும், கண் மை ஒழுகுது," என்றாள்.

ராத்திரி ஜியாவுதீன் டேனரியிலிருந்து வந்து குளித்து, காலில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். பகலெல்லாம் ஈரத்தில் நின்று விரலிடுக்கு வெடித்திருந்தது. ஃபிர்தௌஸ் அவனிடம் சனிக்கிழமை விஷயத்தைச் சொன்னாள்.

"அப்பா மவுத்தானப்ப எனக்கு பதிமூணு வயசு," என்றான் அவன், காலைப் பார்த்தபடி. "ஆபா தைச்சுதான் நான் சோறு தின்னேன். என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுல இருக்கற சட்டை கூட அவ தைச்ச காசுல வாங்கினது. அவகிட்ட போய் நான் என்னான்னு சொல்றது?"

"உங்கள சொல்லச் சொல்லல. நான் கேக்கறேன். நீங்க பக்கத்துல நின்னா போதும்."

"கல்யாணம் முடியட்டுமே."

"கல்யாணம் முடியற வரைக்கும் அந்த நாற்காலி காலியா இருக்குமா?"

அவன் அடுத்த காலை எடுத்து மேலே வைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்து அவளே கேட்டுவிட்டாள். தன் கை மரப்பதையும் சொன்னாள். ஆபா அதைக் கேட்டதும் அவள் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். "இது தெரியுதா? இது?" என்றாள். சுண்டுவிரலில் தெரியவில்லை. ஆபா கையை விட்டுவிட்டு, "சனிக்கிழமதானே. பாக்கலாம்," என்றாள்.

சனிக்கிழமை ஃபிர்தௌஸ் செருப்பு மாட்டும்போது ஆபா புர்காவோடு வந்து நின்றாள். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் சான்றிதழ். சட்டத்திலிருந்து எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை.

"போலாமா? வெயில் ஏறிடும்."

இரண்டு பேரும் ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள். ஆபா வருகிறாளே, அதுவே பாதி வழி.

கிருஷ்ணராஜ் குடியாத்தத்துக்காரர். நெசவுக் குடும்பம், லுங்கித் தறியிலிருந்து தோலுக்கு வந்தவர். எதைக் கையில் எடுத்தாலும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்.

"இதுல யாரும்மா அஃப்ஸர் ஜஹான்?"

"நான்தான் சார்," என்றாள் ஆபா.

"உக்காருங்க. தப்பா எடுத்துக்காதீங்க, பேப்பர்ல வந்ததுல இருந்து ஏழு பேர் வந்து நான்தான் தைச்சேன்னு சொல்லிட்டாங்க. ஒரு அம்மா வீட்டுக்காரரையே சாட்சிக்குக் கூட்டிட்டு வந்துச்சு. கேட்ல இருக்கற வாட்ச்மேன் ஒருத்தர்தான் இன்னும் சொல்லல." சான்றிதழை வாங்கிப் பின்பக்கம் திருப்பி, முன்பக்கம் படித்தார். மெல்லிய தோல் துண்டுகளையும் நூலையும் மேசையில் தள்ளினார். "அதனால எல்லாருக்கும் இதான். கொஞ்சம் தைச்சுக் காட்டிடுங்க."

ஆபா தோலைப் பார்த்தாள். தொடவில்லை.

"எனக்கு இப்ப கை முடியல சார். இவ என் தம்பி பொண்டாட்டி. இவ தைப்பா. எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான். வேலைய இவளுக்கே குடுத்துடுங்க."

ஃபிர்தௌஸ் ஆபாவின் பக்கம் திரும்பினாள். ஆபா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கம்மா, உக்காருங்க," என்றார் கிருஷ்ணராஜ்.

உட்கார்ந்தாள். நாற்காலி உயரம், கால் தரையில் சரியாகப் படவில்லை. யாரோ ஒரு பெண் கால்மணை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். ஃபிர்தௌஸ் விளக்கை இழுத்துத் திருப்பினாள். தோல் கண்ணுக்கு நேரே வந்தது, கண் தோலுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. குத்தூசி, நூல், முடிச்சு, பொந்து. எட்டு துண்டு சேர்த்துவிட்டு நிமிர்ந்தபோது இருபது நிமிஷம் ஆகியிருந்தது. கழுத்து வலிக்கவில்லை. அதை நம்ப முடியாமல் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருமுறை திருப்பிப் பார்த்தாள்.

கிருஷ்ணராஜ் துண்டைப் பின்பக்கம் திருப்பினார். மறுபடி முன்பக்கம். பூதக்கண்ணாடியை எடுத்தார், வைத்தார்.

"டிவியில வந்தது இந்தக் கைதானேம்மா?"

ஆமாம் என்ற ஒரு சொல்தான். நாக்கு நுனியில் இருந்தது. வாணியம்பாடியில் இந்நேரம் அந்தம்மா யாரிடமாவது அவார்டு வாங்கின சம்பந்தியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பாள். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் எந்தப் பேச்சும் ஒரு பஸ்ஸைத் தவற விட்டதில்லை. தூபாவின் கண் மை ஒழுகிய முகம் வந்தது. ஆபா இன்னும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்ல தைச்சது சார்," என்றாள் ஃபிர்தௌஸ்.

கிருஷ்ணராஜ் பெருமூச்சு விட்டார். "எனக்குக் கண்ணு இருக்குதும்மா. ஆனா ஹெட் ஆபீஸுக்கு கண்ணு கெடையாது, பேப்பர்தான். சான்றிதழ் யாரு பேர்ல இருக்குதோ அவங்களுக்கு வயசு தளர்த்தி பர்மனெண்ட் போட முடியும். ஈஎஸ்ஐ, பிஎஃப் எல்லாம் வரும். அவங்க தங்கச்சி, தம்பி பொண்டாட்டின்னா நான் டெம்பரரிதான் எழுத முடியும். இந்த ஆர்டர் மார்ச்சோட முடியுது. அதோட அனுப்பச் சொல்லுவாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, குரலைத் தணித்து ஆபாவைப் பார்த்துப் பேசினார். "மார்ச்சுக்குள்ள ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தாங்கன்னா போதும். தைச்சது யாருன்னு ரெண்டு வரி. அந்த அலீனா மேடத்துகிட்ட நானே பேசி சான்றிதழ மாத்தி வாங்கறேன். நல்ல பொண்ணு, செய்யும்."

ஆபா சான்றிதழை உறைக்குள் போட்டுக்கொண்டாள். "சரிங்க சார், வர்றோம்," என்று எழுந்தாள். எதற்குச் சரி என்று அவர் கேட்கவில்லை.

திங்கள்கிழமை எட்டரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். டெம்பரரி என்று எழுதிய ஓர் அட்டை கொடுத்தார்கள். ஃபிர்தௌஸ் பெயர் போட்ட முதல் அட்டை. திரும்பும் வழியில் அவள் அதை இரண்டு முறை எடுத்துப் பார்த்தாள். கடைத்தெருவில் ஆட்டோ நின்றபோது ஆபா இறங்கி, கத்தரிக்காயும் ஆட்டு எலும்பும் வாங்கிக்கொண்டு ஏறினாள். "தால்ச்சா வைக்கலாம். உனக்குப் பிடிக்குமே," என்றாள். தால்ச்சா ஜியாவுதீனுக்குப் பிடிக்கும். ஃபிர்தௌஸுக்கு என்ன பிடிக்கும் என்று அவளுக்கே சட்டென்று ஞாபகம் வரவில்லை.

வீட்டில் யாரும் இல்லை. தூபா தையல் கடைக்கு ரவிக்கை அளவு கொடுக்கப் போயிருந்தாள். ஆபா கூடத்தில் உட்கார்ந்து புர்காவின் பொத்தான்களை ஒற்றைக் கையால் கழற்ற ஆரம்பித்தாள். ஃபிர்தௌஸ் போய் எதிரில் தரையில் உட்கார்ந்து, மிச்சப் பொத்தான்களைக் கழற்றிவிட்டாள். தினமும் செய்வதுதான்.

"ஆபா."

"ம்."

"உங்க மேல எனக்கு ஒண்ணும் கோபம் இல்ல. அங்க நீங்க சொன்னதுக்கு நானும் எதிர்த்துச் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

ஆபா புர்காவிலிருந்து கையை உருவினாள்.

"ஜனவரில கல்யாணம். மார்ச் வரைக்கும் டைம் குடுத்திருக்காரு. நடுவுல ஒரு மாசத்துக்கு மேல இருக்குது. கல்யாணம் முடிஞ்சு, அவ அங்க போய் குடும்பம் பண்ண ஆரம்பிச்ச பொறவு கேக்கறேன், இப்ப இல்ல. அந்த லெட்டர எழுதித் தருவீங்களா?"

ஆபா புர்காவை மடியில் போட்டு மடித்தாள். ஒரு கையால் மடித்தால் மடிப்பு சரியாக வராது. வரவில்லை. பிரித்து மறுபடி மடித்தாள்.

"நானே எழுதிடறேன் ஆபா. இடது கையால ஒரு கையெழுத்து. யாருக்கும் தெரிய வேணாம், சார் மட்டும் வெச்சுக்குவாரு. போடுவீங்களா?"

ஆபா எழுந்தாள். மடித்ததை நாற்காலி முதுகில் போட்டாள். எலும்புப் பையை எடுத்துக்கொண்டு, தாள் இல்லாமல் சுவரில் தொங்கிய சட்டத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, சமையலறைப் பக்கம் போனாள்.